மோட்டார் இருந்தாலும் மூச்சு வாங்கும்

பேட்டரி சைக்கிளில் மலையேறுகிறவருக்கு உடம்பில் வேலையே இல்லை என்று தருமபுரியில் சாதா எம்டிபி, அதாவது மோட்டார் இல்லாத மவுன்டன் பைக் ஓட்டுகிற நண்பர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். பேட்டரி சைக்கிளைப் புதிதாக வாங்கியவர்களோ, இனி எங்கள் பக்கத்து மலைகளான வத்தல்மலை என்ன, சித்தேரி என்ன, பட்டனைத் தட்டினால் ஏறிவிடும் என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிற எனக்கு உடம்பு சொல்வது வேறு. மோட்டார் வந்ததும் வேலை இடம் மாறுகிறது. தொடையிலும் நுரையீரலிலும் இருந்த பாரத்தில் ஒரு பங்கு இறங்கி, கை, தோள், பிரேக் பிடிக்கிற விரல், கண் என்று வேறு இடங்களில் ஏறிக்கொள்கிறது. இது புரியாமல் ஓட்டினால் உடம்புக்குப் பலனும் வராது, இறக்கத்தில் விழுந்து எழவும் நேரும்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிற பேட்டரி சைக்கிள்களில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவில் ஹப் மோட்டார் இருக்கும். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிற சென்சார்தான் அதில் அதிகம். நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. லட்சக்கணக்கில் விலை போகிற இன்னொரு வகையில் மோட்டார் பெடல் அச்சிலேயே உட்கார்ந்திருக்கும். போஷின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோவின் இபி8 எல்லாம் இந்த வகை, 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ முறுக்குவிசை தரும். இவை காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ற மடங்கில் உதவும், அதுவும் செயின், கியர் வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகும். இந்த ஒரு வித்தியாசம் மேட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடும், பின்னால் சொல்கிறேன். நம் நாட்டில் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை, நான் சொல்வதும் அந்த எல்லைக்குள் இருக்கிற வண்டிகளைத்தான்.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 72 கிலோ எடையுள்ள ஒருவர் 13 கிலோ சாதா எம்டிபியில், 3 கிலோ தண்ணீரும் சாமானும் வைத்துக்கொண்டு 500 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 88 கிலோவைத் தூக்க வேண்டும், அதற்குச் சுமார் 430 கிலோஜூல் ஆகும். ஓரளவு பழகிய கால் நின்று நிதானமாக 150 வாட் கொடுக்கும் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் மிதித்தாக வேண்டும், டயர் உராய்வும் காற்றும் தனி. அதே ஆள் 24, 25 கிலோ பேட்டரி எம்டிபியில் ஏறினால் மொத்தம் 100 கிலோ, 490 கிலோஜூல். அதாவது மோட்டார் உதவுகிறது, ஆனால் முதலில் தன் எடையையும் பேட்டரியின் எடையையும் தூக்கிய பிறகுதான் உங்களைத் தூக்குகிறது. முழுவதையும் மோட்டார் தலையிலேயே கட்டினால், சூடாக வீணாகிறதையும் சேர்த்து 180 வாட்-அவர் அளவுக்கு இந்த ஒரு ஏற்றமே இழுத்துவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 360 வாட்-அவர்தான். பாதி பேட்டரி ஒரே ஏற்றத்தில் போய்விடும். ஆக நீங்கள் மிதித்துத்தான் ஆக வேண்டும், எவ்வளவு மிதிப்பது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகக்காரர்கள் 2019-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இந்த விஷயத்தில் அடிக்கடி பேசப்படுகிறது. அனுபவமுள்ள 33 பேரை ஒரே பாதையில் இரண்டு வகை வண்டியிலும் ஓட்டவைத்து இதயத்துடிப்பை அளந்தார்கள். பேட்டரி எம்டிபியில் சராசரித் துடிப்பு, சாதா எம்டிபியில் இருந்ததில் 94 சதவீதம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, ஓட்டியவர்களுக்குப் பேட்டரி வண்டியில் சிரமம் குறைவாகத் தெரிந்தது என்பதுதான். இதயம் நன்றாகவே உழைக்கிறது, மனசுக்கு அது உறைப்பதில்லை. ஆனால் அந்த 33 பேரும் பழகியவர்கள், வேகமாகப் போகத் தெரிந்தவர்கள். ஹேண்டிலில் இருக்கிற ஆக்சிலேட்டரான திராட்டிலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைச் சும்மா சுற்றுகிறவருக்கு இந்த 94 பொருந்தாது. அவர் ஸ்கூட்டரில் போகிறார், அவ்வளவுதான்.

எங்கள் மாமா ஒருவர் பென்னாகரத்தில் இருக்கிறார், 54 வயது, முழங்காலில் கொஞ்சம் தேய்மானம், டாக்டர் நடக்கச் சொல்லி நடந்து நடந்து அலுத்துப் போனவர். என் சாதா எம்டிபியை வாங்கி மிதித்துப் பார்த்தார். நம் பக்கம் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு வந்துவிடும், அதில் ஏறும்போதெல்லாம் அவருடைய துடிப்பு 150-ஐத் தாண்டிப் போய், இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருகிற உத்தேசக் கணக்கில் அவருக்கு உச்சம் 166. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 100-க்கும் 116-க்கும் நடுவில் நீண்ட நேரம் ஓட்டினால்தான் அடிப்படைத் தாக்குப்பிடிக்கும் சக்தி வளரும். சமதளத்தில் அது எவருக்கும் முடியும். 10 சதவீதச் சரிவில், இருக்கிறதிலேயே சின்ன கியரைப் போட்டாலும், புதிதாக ஓட்டுகிற 54 வயது உடம்பால் அந்த எல்லைக்குள் நிற்க முடியாது, நிற்கப் பார்த்தால் சைக்கிள் நின்றுவிடும். மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதைப் பட்டனில் நிலை நிலையாக வைக்கலாம், பேட்டரி வண்டியில் இரண்டாம் நிலை உதவியில் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து அவர் சொன்னது: “மாப்ள, இதுல பேசிக்கிட்டே மேடு ஏற முடியுதுடா. அதுல தண்ணி கேக்கக்கூட மூச்சு இல்ல.” பேசிக்கொண்டே ஓட்ட முடிவதுதான் மிதமான உழைப்புக்கு அடையாளம், எந்த வாட்சும் கட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது, மாமா இப்போது அதைச் சிரமப்படாமல் தாண்டிவிடுகிறார்.

இதே காரணத்துக்காகத்தான் இளவட்டங்களிடம் நான் வேறு மாதிரி பேசுவேன். இருபத்தைந்து வயதில், நல்ல முழங்காலோடு, முதல் வண்டியே பேட்டரி வண்டி என்றால் ஒரு விஷயம் உடம்புக்குக் கிடைக்காமலே போகும். செங்குத்தான ஏற்றத்தில் கால் எரிந்து, மூச்சு தொண்டையில் அடைத்து, இன்னும் பத்து மிதி, இன்னும் ஐந்து மிதி என்று போராடுகிற அந்த உச்சக்கட்ட பலம் சாதா வண்டியில்தான் வளரும். மோட்டார் சரியாக அந்த இடத்தில்தான் வந்து கைகொடுக்கிறது, அதனால் உடம்பு அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. உதவியைக் கடைசி நிலைக்குக் குறைத்து ஓட்டினால் தொடலாம்தான், ஆனால் பட்டன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதை அழுத்தாமல் இருக்கிற மன உறுதி தினமும் வராது.

இனி ஓட்டுகிற முறை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

சாதா எம்டிபியில் மேடு ஏறும்போது நாம் எல்லோரும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: கியரைக் கொஞ்சம் கனமாகவே வைத்து, எழுந்து நின்று, உடம்பு எடையைப் பெடல் மேல் போட்டு மிதிப்பது. பேட்டரி எம்டிபியில் இது ஆகாது. மோட்டார் பெடல் அச்சில் இருக்கிற வண்டி என்றால், பெடலை மெதுவாகச் சுற்றும்போது மோட்டார் திணறும், சூடாகும், பேட்டரியைக் குடிக்கும். நிமிடத்துக்கு 70-க்கும் 90-க்கும் இடையில் சுற்று வருகிற மாதிரி லேசான கியரில் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, மோட்டார் தருகிற திடீர் பலத்தில் டயர் சறுக்கிச் சுழலும். அதற்காக முழுக்கப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும், ஹப் மோட்டார் வண்டியில் பின்னால் ஏற்கெனவே எடை அதிகம் என்பதால் இன்னும் சீக்கிரம் தூக்கும். சீட்டின் மூக்குப் பகுதிக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் கொண்டுபோவதுதான் வழி. சரிவு கூடக்கூட இன்னும் கொஞ்சம் முன்னால்.

கியர் மாற்றுவதில் சாதா வண்டிக்காரர்கள் கடைசி நொடியில் மாற்றுவார்கள். பெடல் அச்சில் மோட்டார் இருக்கிற வண்டியில் அப்படி மாற்றினால் உங்கள் பலத்தோடு மோட்டாரின் பலமும் சேர்ந்து செயினில் விழும், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், ஒருநாள் செயின் அறுந்தே போகும். மேடு கண்ணில் பட்டதும் கியரைக் குறைத்துவிட வேண்டும், மாற்றுகிற அந்த அரை நொடி கால் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். ஹப் மோட்டாரில் செயினுக்கு இந்த ஆபத்து இல்லை, ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. அந்த மோட்டாருக்கு கியர் உதவியே இல்லை. செங்குத்துச் சரிவில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும். வத்தல்மலை மாதிரி வளைவுக்கு மேல் வளைவாக ஏறுகிற பாதையில் ஹப் மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் வேகம் ரொம்பவும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலின் பங்கைக் கூட்ட வேண்டும். நடுநடுவே நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது நல்லது, கை வைக்க முடியாத சூடு என்றால் ஒரு மிளகுக்கொடி நிழல் பார்த்து உட்கார்ந்துவிடலாம். மேலே காபியும் மிளகும் போட்டிருக்கிறார்கள், நிழலுக்குப் பஞ்சமில்லை.

மேட்டின் நடுவில் நின்றுபோனால் திரும்பக் கிளம்புவது ஒரு தனிக் கலை. கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரிக்குப் போகிற மண்பாதைகளில் இதைப் பழகலாம், கருங்கல் சில்லும் லாரித் தடமும் சேர்ந்து கிடக்கும். உதவியைக் கடைசி நிலைக்குக் குறையுங்கள். வண்டியைச் சரிவில் நேராக நிறுத்தாமல் கொஞ்சம் குறுக்காக நிறுத்துங்கள். பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி மேட்டுப் பக்கக் காலை ஊன்றி, இன்னொரு காலின் பெடலைப் பின்னால் சுற்றி, முன்பக்கம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வருகிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, பெடலை அழுத்துகிற அதே நேரத்தில் பிரேக்கை மெதுவாக விடுங்கள். டயருக்கு அடியில் சில்லு நறநறவென்று நகர்வது கேட்கும், அரைச் சுற்றுக்குள் மோட்டார் பிடித்துக்கொள்ளும், அப்போது ஹேண்டிலை நேராக்கினால் போதும். அதிக உதவியில் வைத்து இதைச் செய்தால் பின்சக்கரம் ஒரே இடத்தில் குழி தோண்டும். சுற்றை மட்டும் பார்க்கிற சென்சார் வண்டியில் மோட்டார் ஒரு கணம் தாமதமாக, முழு வேகத்தில் வரும். அதனால் அந்த வண்டியில் அதுவரை காலே தள்ள வேண்டும். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிற மாதிரி லிவரில் சுவிட்ச் வைத்திருக்கிற வண்டி என்றால் இந்த முறை எடுபடாது, குறுக்காக உருட்டித்தான் கிளம்ப வேண்டும். ஆனால் அதே சுவிட்ச் ஏரிக்கரை மாதிரி குறுகலான இடத்தில் பெரிய உதவி. திரும்பும்போது மோட்டார் தள்ளுகிறது என்று தோன்றினால் லிவரை லேசாகத் தொட்டால் போதும், தள்ளுவது நின்றுவிடும்.

இறக்கம்தான் என்னைக் கவலைப்படவைக்கிறது. ஏற்றத்தில் உதவிய அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ இறக்கத்தில் நம்மைத் தள்ளும். ஆளையும் சேர்த்துப் பார்த்தால் பிரேக் தாங்க வேண்டிய எடை எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. வெளிநாட்டு பேட்டரி எம்டிபிகளில் 200 மில்லிமீட்டர் டிஸ்க்கும், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் பிரேக்கும் போடுவது அதனால்தான். இங்கே விலை குறைந்த வண்டிகளில் 160 மில்லிமீட்டர் டிஸ்க், கேபிள் பிரேக். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற மலைப்பாதையில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன், பாதி தூரத்திலேயே பேட் கருகுகிற வாடை வரும், அப்புறம் லிவர் ஹேண்டில் வரைக்கும் வந்தாலும் பிடிப்பு இருக்காது. வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்து வேகத்தைக் கொல்ல வேண்டும், வளைவுக்குள் விட்டுவிட வேண்டும், டிஸ்க்குக்குக் காற்று வாங்க நேரம் கொடுக்க வேண்டும். சாதா வண்டியில் நீங்கள் பிரேக் தொடுகிற இடத்துக்குச் சில மீட்டர் முன்பே இதில் தொட வேண்டும். குதிகால் தாழ்ந்து, இடுப்பு சீட்டுக்கு மேலே பின்னால், பார்வை வளைவின் வெளியேறும் இடத்தில். கல்லைப் பார்த்தால் கல் மேல்தான் போவீர்கள். கனம் அதிகம் இருப்பதால் சின்னக் கல்லையெல்லாம் அமுக்கிக்கொண்டு நிலையாகப் போகும், அந்த நிலைத்தன்மையில் ஏமாந்து வேகம் கூடிவிடுவதுதான் ஆபத்து. சாதா வண்டியில் ஒரு பள்ளம் வந்தால் கையால் முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டிவிடலாம், இதில் தூக்க வராது, முன்பே பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு முன்கையும் தோளும் வலிக்கிற வலி சாதா வண்டியில் எனக்கு வந்ததே இல்லை. அதனால்தான் பேட்டரி வண்டிக்காரர்களுக்கு நான் தண்டால் எடுக்கச் சொல்கிறேன்.

திறமைக்கு இங்கே வேலை இருக்கிறதா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ பேட்டரி எம்டிபிக்கு முதல் உலகப் போட்டியை 2019-ல் கனடாவின் மோன்ட் செயின்ட் ஆனில் நடத்தியது. ஆண்களில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹாதர்லி. அதே ஹாதர்லி 2024-ல் சாதா எம்டிபியில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி, அதே வருடம் உலகப் பட்டமும் வென்றார். எல்லோருக்கும் மோட்டார் இருக்கும்போது மோட்டார் யாரையும் ஜெயிக்கவைக்காது.

நம் மண்ணுக்கென்று சில விஷயங்கள். ஒகேனக்கல் பாதையில் போகும்போது இறக்கம், வரும்போதுதான் ஏற்றம், அதனால் போகிற வழியில் பேட்டரியைத் தொடவே வேண்டாம், அணைத்துவிட்டே இறங்குங்கள். பேட்டரி தீர்ந்துபோன 24 கிலோ வண்டியைக் காட்டுப் பாதையில் மாலையில் தள்ளிக்கொண்டு ஏறுவது விளையாட்டில்லை, அது யானை கடக்கிற இடம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கமும் அப்படித்தான். சாதா வண்டியில் மூச்சிரைத்துக்கொண்டு மெதுவாக வருகிறவருக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்க நேரம் இருக்கும், பேட்டரி வண்டி சத்தமில்லாமல் இருபது கிலோமீட்டர் வேகத்தில் வளைவைத் திரும்பிவிடும். விடிந்த பிறகு, தார்ச்சாலையில் மட்டும், வளைவுக்கு முன் மணியடித்துப் போகலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் எந்த வண்டியும் வேண்டாம். சித்திரை வெயிலில் ஓட்டி வந்ததும் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், நிழலில் ஆறவைத்துப் போடுங்கள். சீமைக்கருவேல முள் இல்லாத ஏரிக்கரை நம் மாவட்டத்தில் அபூர்வம். சாதா வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டக் கொஞ்ச நேரம் போதும், ஹப் மோட்டார் வண்டியில் வயர் கனெக்டரைப் பிரித்து, பெரிய நட்டுகளைக் கழற்ற வேண்டும், அந்த அளவு ஸ்பேனர் பையில் இல்லையென்றால் நடைதான். ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் திரவத்தை டியூபுக்குள் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் நேரடியானது. நாற்பதுக்குள், முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் ஒரு நல்ல சாதா எம்டிபி. பாதையைத் தேர்வது, எடையை நகர்த்துவது, பிரேக்கை அளந்து பிடிப்பது எல்லாம் லேசான வண்டியில்தான் கைக்கு வரும், பிறகு பேட்டரி வண்டி ஏறினால் அது அப்படியே உதவும். முழங்கால் தொல்லை உள்ளவர்கள், நீண்ட நாள் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேராகப் பேட்டரி வண்டிக்குப் போகலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பெடல் அச்சு மோட்டாருக்குப் பணம் இல்லை, ஹப் மோட்டார்தான் முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் லைட், ஸ்டாண்ட், மொபைல் ஹோல்டர் என்று செலவழிப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் முன் டிஸ்க்கை 180 மில்லிமீட்டராக மாற்ற, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் இடம் கொடுக்குமா என்று கேளுங்கள். கொடுத்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரையும் ஹைட்ராலிக்காகச் சேர்த்துப் போட்டுவிட்டு அப்புறம் மலைப்பக்கம் வாருங்கள்.